வரைவிலக்கணமும் வாசிப்பும்: ஆங்கில இலக்கிய மாணவரின் கலைச்சொற் கல்வி பற்றிய ஒரு கண்டனம்

1

ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் புகும் மாணவரின் கையை முதலில் வந்தடைவது பெரும்பாலும் ஒரு நாடகமன்று. ஒரு கவிதைத் தொகுதியுமன்று. இலக்கிய, நாடகக் கலைச்சொற்களின் பட்டியலே அது. துன்பியல் நாடகம், இன்பியல் நாடகம், ஹமார்த்தியா, கதார்சிஸ், மூவகை ஒருமைகள், தனிமொழி எனச் சொற்கள் ஒருபுறமும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் அமைந்த வரைவிலக்கணம் மறுபுறமுமாக அது நீளும். மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்கு ஆண்டுதோறும் கைமாறும் முதுசொம் இது. பரீட்சைக்கு முந்திய இரவில் 'ஒதெல்லோ'வை முழுதாக வாசிக்க நேரமில்லாதவர்கூட இப்பட்டியலை ஒருமுறை பார்க்கத் தவறுவதில்லை. பார்த்தவர் சித்தியடைவதும் உண்டு. வாசித்தவர் தவறுவதும் உண்டு.

கலைச்சொற்களே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. எந்த அறிவுத்துறையும் தனக்குரிய சொற்கள் இன்றி நடைபெற இயலாது. ஆயின், தச்சனுடைய உளியைப் பற்றிய விவரணத்தை மனனஞ் செய்தவன் தச்சனாவதில்லை என்பதும் வெளிப்படை. வரைவிலக்கணமாக மட்டும் கற்கப்படும் கலைச்சொல், இலக்கியத்தைக் காண்பதற்கான கருவி என்ற நிலையிலிருந்து வீழ்ந்து, இலக்கியத்தைக் காணாமலே அதைப்பற்றித் தீர்ப்புக் கூறுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடுகின்றது. அதனினும் பெரிய தீங்கு மற்றொன்றுளது. ஒவ்வொரு கலைச்சொல்லும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு விவாதத்தில், ஒரு தரப்பினரின் வாதமாகப் பிறந்தது. பட்டியல் அந்த விவாதத்தை அழித்துவிட்டு, ஒரு தரப்பின் முடிபை மட்டும் இயற்கை விதிபோல மாணவர் முன் வைக்கின்றது. இலக்கியக் கல்வி என்ற பெயரில் நடைபெறுவது கீழ்ப்படிதற் பயிற்சியாகிவிடுகின்றது.

2

பட்டியல்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோர் இவ்வுண்மையை எளிதிற் காண்பர். ஹமார்த்தியா என்பது 'துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாகும் குணக்குறைபாடு' என்று கற்பிக்கப்படுகின்றது. இதனைக் கற்ற மாணவர் உடனே வேட்டைக்குப் புறப்படுகின்றார். மக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குப் பொறாமை, ஹம்லெற்றுக்குத் தாமதம், லியருக்கு அகந்தை, ஈடிப்பசுக்குச் செருக்கு. ஐந்து பெரும் நாடகங்களும் ஐந்து சொற்களில் முடிந்துவிடுகின்றன. இனி அவற்றை வாசிக்க வேண்டிய தேவைதான் என்ன?

அரிஸ்டோட்டில் கூறியது இதுவன்று. 'கவிதையியல்' நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அவர் எதிர்நோக்கிய பிரச்சினை, எத்தகைய மனிதனின் வீழ்ச்சி இரக்கத்தையும் அச்சத்தையும் விளைவிக்கும் என்பதாகும். முழு நல்லவன் வீழ்ந்தால் அது மனத்தை அருவருக்கச் செய்யும்; கொடியவன் வீழ்ந்தால் இரக்கம் எழாது. ஆதலின் இவ்விருவர்க்கும் இடைப்பட்டவன், தீக்குணத்தினாலன்றி ஏதோ ஒரு ஹமார்த்தியாவினால் வீழ்தல் வேண்டும் என்றார். அச்சொல்லின் வினையடி, எறிந்த ஈட்டியோ எய்த அம்போ இலக்குத் தவறுதலைக் குறிப்பது. தீக்குணத்தினாலன்று என்று அவரே விலக்கிய பின்னர், அச்சொல்லுக்குக் குணக்குறைபாடு எனப் பொருள் கொள்வது மூலத்தைத் தலைகீழாக்குவதாகும். அவர் எடுத்துக்காட்டும் ஈடிப்பசு, தான் கொன்றவன் தன் தந்தை என்பதை அறியான். மணந்தவள் தன் தாய் என்பதையும் அறியான். அவனது தவறு அறியாமையிற் பிறந்தது. பெற்றோரெனத் தான் நம்பியோருக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டுமென்று கொறிந்து நகரை விட்டு நீங்கியவன் அவன். நற்செயலே அழிவுக்கு வழியாகும் அக்கொடுமைதான் நாடகத்தின் உயிர். செருக்கு என்ற ஒரு சொல்லை அதன்மேல் ஒட்டிவிட்டால் அவ்வுயிர் போய்விடுகின்றது.

இலக்குத் தவறுதல் எவ்வாறு குணக்குற்றமாயிற்று என்பதற்கும் வரலாறு உண்டு. கிறித்தவ வேதாகமத்தின் புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது இதே சொல் பாவம் என்ற பொருளில் வழங்கியது. பாவம், தண்டனை என்ற நோக்கிலே பழகிய ஐரோப்பிய மனம் பிற்காலத்தில் அரிஸ்டோட்டிலைக் கற்றபொழுது, நாடகத்தில் துன்புறுபவனிடத்தும் தண்டனைக்குரிய குற்றமொன்றைத் தேடியமை வியப்புக்குரியதன்று. பாத்திரத்தின் குணமே நாடகத்தின் மையம் எனக்கொண்டு 1904ஆம் ஆண்டில் ஏ. சி. பிராட்லி வெளியிட்ட 'ஷேக்ஸ்பியரின் துன்பியல்' என்னும் நூல், அவரைவிட எளிமைப்படுத்தியோரின் கைகளிற் சிக்கி, பாடசாலைக் குறிப்புகளாக உருமாறியது. பிராட்லியின் நுட்பம் உதிர்ந்தது. குறைபாட்டுப் பட்டியல் எஞ்சியது. சோபோக்கிளிஸ் கி.மு. 406இல் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின் பிறந்தவர் அரிஸ்டோட்டில். அவர்க்கும் ஷேக்ஸ்பியருக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளி. இவ்வளவு தொலைவைக் கடந்து ஒரு சொல் பயணஞ் செய்திருக்கின்றது என்ற செய்தியே பட்டியலில் இல்லை.

3

இது சொல்லாராய்ச்சியாளர் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு பூசல் என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. துன்பப்படுபவனிடத்தே அவன் துன்பத்துக்கான காரணத்தைத் தேடு என்பது ஒரு வாசிப்புமுறை மாத்திரமன்று. உலகை நோக்கும் முறையுமாகும்.

கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மீலோஸ் என்னும் சிறு தீவைக் கைப்பற்றியது. வளர்ந்த ஆண்களைக் கொன்று பெண்களையும் சிறுவர்களையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டு, கி.மு. 415இல், அதே ஏதென்ஸ் மக்கள் முன்னிலையில் யூரிபிடிஸ் 'துரோய்ப் பெண்கள்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். போரில் தோற்ற நகரின் பெண்கள், தம்மை எந்தத் தலைவனுக்கு அடிமையாக்குவர் என்பதை அறியக் காத்திருக்கின்றனர். ஹெக்ரரின் பச்சிளம் மகன், வளர்ந்தாற் பழிவாங்குவான் என்ற அச்சத்தால் மதிலிலிருந்து வீசிக் கொல்லப்படுகின்றான். அவன் உடல், தந்தையின் கேடயத்தின்மேல் வைத்துப் பாட்டியிடம் கொண்டுவரப்படுகின்றது.

இக்குழந்தையின் ஹமார்த்தியா யாது? முதிய ஹெக்கூபாவின் குணக்குறைபாடு எது? பட்டியல் கையிலுள்ள மாணவருக்கு இரண்டே வழிகள் உள்ளன. ஒன்று, ஏதேனும் ஒரு குறையைக் கற்பித்தல். மற்றது, இது முறையான துன்பியல் நாடகமன்று என்று ஒதுக்குதல். இரண்டும் அநீதியே. கொன்றவனைப் பற்றி ஒரு வினாவையும் எழுப்பாது, கொல்லப்பட்டவனிடத்திற் குறைகாணும் பழக்கம் பல்கலைக்கழக வகுப்பறையிலே பயிற்றப்படுமாயின், அது வகுப்பறைக்குள் மட்டும் நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நெடிய போரொன்றை 1983 முதல் 2009 வரை கண்ட நாட்டிலே இலக்கியம் கற்பிப்போர் இதனை அலட்சியப்படுத்துதல் தகாது.

கலைச்சொல் ஒன்று நாடகத்தையே சிதைத்தமைக்கும் ஆங்கில இலக்கிய வரலாறு சான்று தருகின்றது. தீயோர் தண்டிக்கப்படவும் நல்லோர் பரிசு பெறவும் வேண்டும் என்னும் கோட்பாட்டுக்கு 'கவிதை நீதி' எனப் பெயரிட்டவர் தோமஸ் றைமர். அச்சொற்றொடர் அவர் 1678இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. 1681இல் நாகம் டேற் என்பவர் 'லியர் மன்ன'னைத் திருத்தி எழுதினார். அவர் திருத்தத்தில் கோர்டீலியா சாவதில்லை, எட்கரை மணக்கின்றாள். லியர் அரசுரிமையை மீளப் பெறுகின்றான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்காலம் இங்கிலாந்து மேடையிலே நின்ற லியர் இவனே. கோர்டீலியாவின் உடலைக் கைகளில் ஏந்திவரும் கிழவனை மக்கள் காணவில்லை. காணக்கூடாது என்று ஒரு கோட்பாடு விதித்திருந்தது. இன்றைய பட்டியலிலும் 'கவிதை நீதி' உண்டு. அதற்கு ஒரு வரைவிலக்கணமும் உண்டு. அது செய்த கேடு மட்டும் அங்கில்லை.

4

மூவகை ஒருமைகளின் கதையும் இத்தகையதே. காலம், இடம், செயல் என்னும் மூன்று ஒருமைகளை அரிஸ்டோட்டில் விதித்தார் என விடைத்தாள்கள் இன்றும் எழுதிவருகின்றன. அவர் வற்புறுத்தியது செயலின் ஒருமை ஒன்றையே. காலத்தைப் பொறுத்தவரை, துன்பியல் நாடகம் சூரியனின் ஒரு சுற்றுக்குள் அடங்க முயல்கின்றது என்று தாம் கண்ட வழக்கத்தைக் குறிப்பிட்டார். இடத்தின் ஒருமையை அவர் கூறவேயில்லை. இவற்றை மூன்று விதிகளாக வகுத்தவர், 1570இல் 'கவிதையியலு'க்கு உரை வெளியிட்ட இத்தாலிய அறிஞர் கஸ்தல்வெத்திரோ. உரைகாரரின் விருப்பம் மூலவரின் கட்டளையாயிற்று. 1637இல் கோர்ணெய்யின் 'லெ சித்' பிரான்சியத் தலைநகரில் பெருவெற்றி பெற்றபோது, விதிகளை முன்னிறுத்தி அதனைத் தாக்கினர். பிரான்சிய அக்கடமி நடுவராய் அமர்ந்து அந்நாடகத்திற் குறைகளைக் கண்டது. விதிகளின் பின்னே ஓர் அரசின் அதிகாரம் நின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை'யில் காலம் என்பதே ஒரு பாத்திரமாக வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன என அறிவிக்கின்றது. 'புயல்' நாடகமோ ஒரே தீவில், ஒரே பிற்பகலில் முடிந்துவிடுகின்றது. இரண்டும் அவருடைய இறுதிக்கால ஆக்கங்கள். ஒருமைகளை அறியாதவர் என்றோ மறுத்தவர் என்றோ அவரை எளிதில் வகைப்படுத்த முடியாது; அவ்வக் கதைக்கு வேண்டியதைச் செய்தவர் அவர். 1765இல் சாமுவேல் ஜோன்சன் தம் பதிப்பின் முன்னுரையில், பார்வையாளர் தாம் அரங்கில் இருப்பதை ஒருபோதும் மறப்பதில்லை. ஆதலின் இடமாற்றமும் காலமாற்றமும் அவர்களை ஏமாற்றுவதில்லை என வாதிட்டு, கால, இட ஒருமைகளின் அடித்தளத்தையே தகர்த்தார். அதே ஜோன்சன்தான், கோர்டீலியாவின் மரணத்தைப் படித்து அதிர்ச்சியுற்று, பதிப்பாசிரியராகத் திருத்தப் புகுமளவும் அக்காட்சிகளை மீண்டும் வாசிக்கும் துணிவற்றிருந்ததாக ஒப்புக்கொண்டவர். அவள் உயிர்பிழைக்கும் முடிவையே மக்கள் ஏற்றனர் என்பதையும் அவர் பதிவுசெய்தார். ஒரு விதியிலிருந்து விடுபட்ட பேரறிஞரும் மற்றொன்றின் பிடியில் இருந்தார். பட்டியலை மனனஞ் செய்பவருக்கு ஜோன்சனின் துணிவும் கிட்டாது. அவருடைய தடுமாற்றத்தின் நேர்மையும் கிட்டாது.

நாடகக் கலைச்சொற்களைப் பொறுத்தவரை மேடையை மறத்தல் மற்றொரு குற்றமாகும். தனிமொழி என்பது 'பாத்திரம் தனித்திருக்கையில் தன் எண்ணங்களை உரக்கப் பேசுதல்' எனப்படுகின்றது. 1599இல் எழுந்த குளோப் அரங்கிலே நடிகன் தனித்திருந்தானா? பட்டப்பகல் வெளிச்சத்தில், கூட்டத்தின் நடுவே நீண்ட மேடையில் அவன் நின்றான். மூன்று புறமும் ஒரு பென்னி கொடுத்து நுழைந்தோர் நெருக்கி நின்றனர். இயாகோ அம்மக்களை நோக்கியே தன் சதியை விளக்குகின்றான். விளக்குந்தோறும் அவர்களும் சதிக்கு உடந்தையாகின்றனர். ஒதெல்லோ அறியாததை அறிந்துகொண்டு, எச்சரிக்க வழியின்றி நிற்கும் அவ்வேதனையே அந்நாடகத்தின் பெரும்பலம். இருண்ட மண்டபத்தில், சட்டமிட்ட மேடைக்கு எதிரே மௌனமாக அமரும் பிற்காலப் பார்வையாளனை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட வரைவிலக்கணம் இவை யாவற்றையும் மறைத்துவிடுகின்றது.

5

ஆங்கிலக் கலைச்சொற்கள் தமிழுக்கு வரும்போது குழப்பம் இரட்டிப்பாகின்றது. பெர்டோல்ட் பிரெக்டின் 'வெர்பிறெம்டுங்' என்னும் ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோர், மார்க்சின் கோட்பாட்டில் உழைப்பாளி தன் உழைப்பிலிருந்து விலக்கப்படுவதைக் குறிக்க வழங்கிய சொல்லையே இதற்கும் வழங்கினர். மூலமொழியில் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தைப் பின்பற்றித் தமிழிலும் இரண்டுக்கும் 'அந்நியமாதல்' என்றே எழுதுவோர் உளர். இதன் விளைவாக, ஒரு கொடுமைக்குப் பெயராகிய சொல்லே அக்கொடுமையை உணர்த்தும் கலை உத்திக்கும் பெயராகிவிட்டது. பழகிப்போனதைப் புதிதாய், விந்தையாய்க் காணச் செய்தலே பிரெக்டின் நோக்கம். 1935இல் மொஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்பாங்கின் ஆற்றுகையைக் கண்ட அனுபவம் அவருடைய இச்சிந்தனைக்கு ஊட்டமளித்தது. பிரெக்ட் உணர்ச்சியை மேடையிலிருந்து விரட்டினார் என்ற விடையும் பரவலாக எழுதப்படுகின்றது. 1949இல் பெர்லினில் 'துணிவுத் தாய்' நாடகத்தில் ஹெலன வைகல், மகனின் மரணத்தின்போது ஒலியின்றி வாய் திறந்து அலறிய காட்சி உலகப் புகழ்பெற்றது. அதனை அறிந்தவர் அவ்வாறு எழுதார்.

ஈழத்து மாணவருக்கு இங்கு ஒரு வாய்ப்பும் உண்டு. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையிலே வெளிப்படையாக நின்று பாட, கூத்தர் தம் வரவைத் தாமே அறிவித்து ஆடும் அரங்கைக் கண்டவருக்கு, கிரேக்கப் பாடற்குழுவோ பிரெக்டின் கதைகூறுநரோ புதிராக இருக்கத் தேவையில்லை. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போ'ரையும் 1964இல் 'இராவணேச'னையும் மேடையேற்றியமை பல்கலைக்கழக வரலாற்றின் பகுதியாகும். ஆயினும் 'கோரஸ்' என்பதன் வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கும் மாணவர், ஊர்க் கூத்துக்களரியில் தாம் கண்டதை அதனோடு வைத்துப் பார்க்குமாறு கேட்கப்படுவதில்லை.

சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் வேறொரு வழியைக் காட்டினார். ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என அழைத்து, அவருடைய நாடகங்களைச் சுவை, மெய்ப்பாடு முதலிய மரபுக் கருத்துகளின் துணைகொண்டு ஆராய்ந்தார். அவர் கண்ட ஒவ்வொரு முடிபும் ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. ஒரு மரபின் சொற்களால் இன்னொரு மரபின் நாடகத்தை வினவும் துணிவு அங்கிருந்தது என்பதே மனங்கொள்ளத்தக்கது. அத்துணிவை விட்டுவிட்டு, மெய்ப்பாடும் கதார்சிசும் ஒன்றே எனச் சமன்பாடு போடுவோர் அவர் வழிவந்தோர் ஆகார். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகள் உணர்ச்சி புறத்தே புலப்படும் வகைகள். கதார்சிசோ, துன்பியல் நாடகத்துக்கு அரிஸ்டோட்டில் தந்த வரைவிலக்கணத்தில் ஒரேயொரு முறை, விளக்கமின்றி வரும் சொல். அது உடற்கழிவகற்றல் போன்றதா, சமயத் தூய்மையாக்கலா, அறிவுத் தெளிவா என்பது பற்றி அறிஞர் இன்றும் உடன்படவில்லை. அறிஞர் உடன்படாததைப் பட்டியல் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றது!

6

இக்கண்டனத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படலாம். தொடக்க மாணவருக்கு எளிய வரைவிலக்கணமே ஏற்றது என்பது முதலாவது. எளிமை வேறு, பிழை வேறு. 'ஹமார்த்தியா என்பது தவறு. எத்தகைய தவறு என்பதை நாடகத்தில் ஆராய்க' என்பதும் எளியதே. அது மாணவரை நாடகத்திடம் அனுப்புகின்றது. குணக்குறைபாடு என்பதோ நாடகத்திலிருந்து வெளியே அனுப்புகின்றது. பரீட்சை அவ்வாறே கேட்கின்றது என்பது இரண்டாவது மறுப்பு. பரீட்சை வானத்திலிருந்து விழுவதன்று. வினாத்தாளைத் தயாரிப்போரும் அதே விரிவுரை மண்டபங்களில் உள்ளோரே. ஆங்கிலமே தடையாயுள்ள கிராமப்புற மாணவருக்குப் பட்டியல் ஒரு கைத்தடி என்பது மூன்றாவது. இதுவே மதிப்புக்குரிய மறுப்பு. மொழித்தடை உண்மையானது. ஆயின், அத்தடையுள்ள மாணவருக்குப் பட்டியலைத் தந்துவிட்டு, தடையற்ற மாணவருக்கு நாடகத்தைத் தருவது சமத்துவமாகாது. முன்னவருக்கு வேண்டியது மெதுவாக, துணையோடு வாசிக்கப்படும் ஒரு காட்சி. ஒரு தவணையில் ஒரே காட்சி போதுமாயினும் அது போதும்.

ஆதலின் செய்யத்தக்கன சில உள. ஒவ்வொரு கலைச்சொல்லையும் மூன்று வினாக்களோடு கற்பித்தல் வேண்டும். இச்சொல்லை யார், எப்பொழுது, எந்த ஆக்கத்தை முன்வைத்து வழங்கினார்? அவருக்கு முன் இருந்தோர் காணாத எதனை இது காட்டிற்று? எந்த ஆக்கத்தின் முன் இச்சொல் தோற்றுப்போகின்றது? மூன்றாவது வினாவே தலையாயது. ஒரு சொல் எங்கே தோற்கின்றது என அறியாதவர் அச்சொல்லை அறியாதவரே. வினாத்தாளிலும் 'ஹமார்த்தியா பற்றிக் குறிப்பெழுதுக' என்பதற்குப் பதிலாக, 'துரோய்ப் பெண்களி'லிருந்து ஒரு பகுதியைத் தந்து, அங்கு நிகழும் துன்பத்துக்கு யார் பொறுப்பு எனக் கேட்கலாம். கலைச்சொல் வேண்டுமாயின் மாணவர் தாமே அதனைத் தேடி எடுப்பர், வேண்டாவிடின் விடுவர்.

விடுவதற்கும் உரிமை பெற்றவரே அதனைப் பயன்படுத்தவும் தகுதி பெற்றவராவர். மதிலிலிருந்து வீசப்பட்ட குழந்தையின் உடலைக் கேடயத்தின்மேல் வைத்து, அக்கேடயத்தின் பிடியில் ஹெக்ரரின் கை பதிந்த தடத்தைப் பாட்டி காண்கின்றாள். இக்காட்சிக்கு எந்தப் பட்டியலிலும் பெயரில்லை. பெயரில்லாத இடத்தில் நின்று நோக்கக் கற்றுக்கொடுக்காத வகுப்பறை, இலக்கியத்தைக் கற்பிக்கும் வகுப்பறையன்று.